மனக்கோட்டையும் மனக்கோயிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் கனாக் காண்போரைப் பற்றியது. இரவிலே உறங்கிக் காணும் கனாவை நாம் கருதவில்லை. பட்டப்பகலிலே கண்ணை விழித்தபடி, "இவ்வுலகம் இப்படியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!" என்று எண்ணிக்கொண்டிருப்பார் சிலர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களை நம் மொழி எந்தெந்தப் பெயரால் அழைக்கிறது, அப்பெயர்கள் எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தா என்பதையே இங்கு ஆராய விரும்புகின்றோம்.

இதிலென்ன ஆராய்ச்சி என்று சிலர் நினைத்தல் கூடும். சொல் சிறிது, ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் மேல் எறியப்பட்ட சொல் நாற்பது வயதிலும் அவனைவிட்டு விழுவதில்லை. "இவன் மனக்கோட்டை கட்டுபவன்" என்று வீட்டிலே ஒருவர் சொல்லிவிட்டால், ஊர் அதைப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் அவனும் அதை நம்பிவிடுவான். அதற்குப் பின் அவன் வாயிலிருந்து ஒரு நல்லெண்ணமும் வெளிவராது. ஆதலின் எந்தச் சொல்லை எவர்மேற் போடுகின்றோம் என்பதில் நாம் எல்லோரும் கருத்தாயிருத்தல் வேண்டும்.

முதலில் இகழ்ச்சிச் சொற்களைப் பார்ப்போம். அவை நம்மிடம் ஏராளம். பகற்கனவு என்கின்றோம். கனவின் பலன் கூறும் நூலார் விடியற்காலத்துக் கனவு விரைவிற் பலிக்கும் என்றனர். பகலிற் கண்டது பலியாது என்பது ஊரார் நம்பிக்கை. எனவே பகற்கனவு என்ற பெயரிலேயே தீர்ப்பும் அடங்கிவிட்டது. மனக்கோட்டை என்கின்றோம், ஆகாயக்கோட்டை என்கின்றோம். மனப்பால் குடிக்கிறான் என்பது இன்னும் கூர்மையான சொல். பால் இருக்கிறதாக எண்ணிக் குடிக்கிறவனுக்கு நாவிலே இனிப்புண்டு, வயிற்றிலே ஒன்றுமில்லை. வடமொழி வழி வந்த மனோராச்சியம் என்ற சொல்லும் உண்டு. அங்கே அவனே அரசன், அவனே குடி.

இவை போதாவென்று முயற்கொம்பு, ஆகாயத்தாமரை என்றும் சொல்லிவிடுகின்றோம். நம் மட்டக்களப்பு வீடுகளிலோ இவ்வளவு இலக்கணமான சொற்கள் வேண்டியதில்லை. திண்ணையிலே சும்மா இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "என்ன மனே, விடிஞ்ச பிறகும் கனாவா?" என்று தாய் கேட்டால் எல்லாம் அதில் அடங்கிற்று.

இச்சொற்கள் எல்லாம் வீண் சொற்களல்ல. அவற்றுக்குரிய ஆள் உண்டு. பஞ்சதந்திரத்திலே வருகின்ற அந்தணன் கதையைப் பெரியோர் அறிவர். இளைஞர்க்காகச் சுருக்கிச் சொல்வோம். ஓர் ஏழை, பிச்சையேற்ற மாவை ஒரு பானையிலே சேர்த்துக் கட்டிற்கு நேரே தொங்கவிட்டுப் படுத்திருந்தான். பஞ்சம் வந்தால் இம்மாவை நல்ல விலைக்கு விற்பேன் என்று எண்ணினான். அப்பணத்திலே ஆடு வாங்குவேன்; ஆடு பெருகும்; மாடு வாங்குவேன்; எருமை, குதிரை, மாளிகை, மனைவி, மகன் என்று எண்ணம் ஓடிற்று. மகனுக்குப் பெயரும் இட்டாயிற்று. அம்மகன் தவழ்ந்து குதிரைக் காலடிக்குப் போக, கவனியாதிருந்த மனைவியை இவன் எண்ணத்திலே உதைத்தான். கால் உண்மையிலே எழுந்தது, பானை உடைந்தது, மா அவன் உடம்பெல்லாம் கொட்டிற்று.

இக்கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அவன் செய்த பிழை யாது என்று நின்று கேட்பதில்லை. கனாக் கண்டதுதான் பிழை என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகின்றோம். உண்மை அதுவோ? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; சற்றுப் பின் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி, புகழ்ச்சிச் சொற்கள். இலட்சியம் என்ற வடசொல்லுக்குக் குறி வைக்கப்படும் இலக்கு என்பது பொருள். வில்லாளன் எதை நோக்கி அம்பை விடுகிறானோ அதுவே இலட்சியம். தமிழிலே குறிக்கோள் என்கின்றோம். குறியை மனத்திற் கொள்ளுதல். திருநாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டிலேயே தமது தேவாரத்தில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். குழந்தையாய்க் கழிந்த காலம், இளைஞனாய்க் கழிந்த காலம், முதியனாய்க் கழிந்த காலம் யாவும் குறிக்கோளின்றி வீணாயினவே என்று அவர் இரங்கும் இடம் அது. கனாக் காண்கிறான் என்று நாம் இகழ்கிறோம். குறிக்கோளே இல்லாது போயிற்றே என்று அப்பர் பெருமான் அழுகிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மேல்நாட்டாரும் இவ்விஷயத்தில் நம்மைப் போலத் தடுமாறியவர்களே. 1516ஆம் ஆண்டில் தோமஸ் மூர் என்ற ஆங்கில அறிஞர், குறையற்ற ஆட்சி நடக்கும் ஒரு தீவைக் கற்பனை செய்து நூல் எழுதினார். அத்தீவுக்கு அவர் இட்ட பெயர் யுட்டோப்பியா. கிரேக்க மொழியிலே அதற்கு 'எங்குமில்லா இடம்' என்பது பொருள். 1605ஆம் ஆண்டில் ஸ்பானிய நாட்டு செர்வாந்தெஸ், வீரர் கதைகளை ஓயாது படித்து மதிமயங்கிக் காற்றாலைகளை அரக்கரென்று எண்ணிப் போர் தொடுத்த டொன் கிஹோட்டே என்பவனின் கதையை வெளியிட்டார். இவ்விரு பெயர்களும் ஐரோப்பிய மொழிகளில் இன்று பொதுச் சொற்களாகிவிட்டன. நல்லெண்ணம் உடையாரைப் பாராட்டவும் அவற்றைச் சொல்கிறார்கள், பரிகசிக்கவும் சொல்கிறார்கள். எந்த நாட்டிலும் இகழ்ச்சியும் புகழ்ச்சியும் அடுத்தடுத்த வீட்டிலேதான் குடியிருக்கின்றன.

நம் சமயத்திலே இதற்கு இன்னும் அழகான சான்று ஒன்றுண்டு. புத்தூரிலே, மணப்பந்தரில் வழக்குரைத்து நின்ற கிழவேதியரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். வழக்கு முடிந்து, வந்தவர் இறைவனே என்று தெளிந்தபின், என்ன சொல்லிப் பாடுவேன் என்று அவர் மயங்கி நின்றபோது, என்னை முன்னே பித்தன் என்றாய், அச்சொல்லாலேயே பாடு என்று இறைவன் பணித்தான் எனப் பெரியபுராணம் கூறும். ஏசிய சொல்லே ஏத்தும் சொல்லாயிற்று. சொல் மாறவில்லை, யாரைச் சொன்னோம் என்று அறிந்ததுதான் மாற்றம்.

நமது வாவியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. மீன்பாடும் தேனாடு என்று இந்நாட்டைச் சொல்கின்றோம். நிலாக்காலத்து இரவிலே, கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் மெல்லிய இசை கேட்கும் என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். கரையில் நின்ற எத்தனை பேர் அதைக் கேட்டுச் சிரித்திருப்பர்! இலங்கையில் அரசாங்கப் பதவி வகித்த சேர் எமர்சன் டெனன்ற் என்ற ஆங்கிலேயர் இங்கு வந்து, இரவிலே தோணியிற் சென்று கேட்டு, 1859இல் வெளிவந்த தமது நூலில் அதை எழுதிவைத்தார். நனைத்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலி போன்றது என்றார். இங்குள்ள மீனவர் அதை ஊரியின் ஓசை என்று சொன்னதையும் குறித்தார். பாடுவது மீனோ, ஊரியோ, அந்த வழக்கு இருக்கட்டும். கரையில் இருந்தவருக்கு அது கதை. தோணியை இறக்கி நடுவாவி வரை போனவருக்கு அது ஓசை. கனாவையும் மெய்யையும் பிரித்தது அந்தத் தோணிப் பயணந்தான்.

இனி, நாம் முன்னே நிறுத்திய கேள்விக்கு வருவோம். மாப்பானைக்காரனைப் போல் ஒன்றும் கையில் இல்லாதிருந்து கனாக் கண்ட வேறொருவரும் உண்டு. அவரை நாம் இகழ்வதில்லை. அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துக் கைகூப்புகின்றோம். அவரே பூசலார் நாயனார்.

தொண்டைநாட்டுத் திருநின்றவூரிலே பிறந்தவர் பூசலார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்கவேண்டுமென்பது அவர் ஆசை. பொருள் தேடி எங்கும் அலைந்தார், கிடைக்கவில்லை. மனத்தினாலேயே கட்டுவது என்று துணிந்தார். அவர் எவ்வாறு கட்டினார் என்பதைச் சேக்கிழார் சொல்லும் முறையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வேண்டிய பொருள்களை மனத்திலே ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். தச்சரையும் மற்றைப் பணியாளரையும் தேடிக்கொண்டார். நல்லநாள் பார்த்து அடித்தளம் இட்டார். இரவிலும் கண்ணுறங்காது வேலை செய்தார். அடிமுதல் முடிவரை ஒவ்வோர் உறுப்பையும் அளவு பிசகாது எழுப்பினார். சிகரமும் தூபியும் வைத்தார், சுதைவேலை செய்தார், கிணறு தொட்டார், மதில் எடுத்தார், குளமும் அமைத்தார். இவ்வாறு நெடுநாள் சென்றபின், குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

அதே நாளிலே காஞ்சியில் காடவர் கோமான் தான் கட்டிய கற்கோயிலுக்கும் நாள் குறித்திருந்தான். முதல்நாள் இரவு இறைவன் அரசன் கனவிலே தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாளாக நினைந்து செய்த கோயிலில் நாளை நாம் புகுவோம், உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்று அருளிச் சென்றான். அரசன் நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். ஊரார், அப்படியொரு கோயில் இங்கில்லையே என்றனர். அவரையே கண்டு கேட்டபோதுதான் அது மனக்கோயில் என்று தெரிந்தது. அரசன் நிலத்தில் விழுந்து வணங்கிப் போனான். பகற்கனவு பலியாது என்பார் முன்னே, ஓர் அரசனின் இராக்கனவு வந்து ஓர் ஏழையின் பகற்கனவுக்குச் சாட்சி சொல்லிற்று!

அன்பர்களே, மாப்பானைக்காரனையும் பூசலாரையும் ஒரே தட்டில் வைத்துப் பாருங்கள். இருவரும் ஏழைகள். இருவரும் இல்லாததை எண்ணினர். இருவரும் நெடுநேரம் எண்ணினர். வேறுபாடு எங்கே?

மாப்பானைக்காரன் பலனைக் கனாக் கண்டான். பூசலார் வேலையைக் கனாக் கண்டார். அவன் எண்ணத்திலே ஆடு தானாகப் பெருகுகிறது, மாளிகை தானாக எழுகிறது. ஆட்டுக்குக் குழை வெட்டியது யார், பட்டியடைத்தது யார், நோய் வந்தபோது மருந்து கொடுத்தது யார் என்பதற்கு அங்கே இடமில்லை. நம்மூர்ப் பேச்சிலே சொன்னால் அவன் கனா முழுவதும் 'மறுகா, மறுகா' என்று ஓடுகிறது. ஆடு, மறுகா மாடு, மறுகா குதிரை, மறுகா மாளிகை. பூசலாருடைய எண்ணமோ 'முதல் என்ன?' என்று தொடங்குகிறது. முதல் கல், முதல் ஆள், முதல் நாள். கனாவிலேகூட அவர் ஒரு வரிக் கல்லையும் தாண்டிப் போகவில்லை, கனாவிலேகூட உறங்கவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பானைக்காரன் கட்டிய மாளிகையிலே குடியிருப்பவன் அவனே. பூசலார் கட்டிய கோயிலிலே குடியிருப்பவர் வேறொருவர். தன்னை நடுவில் வைத்துக் கட்டினால் அது மனக்கோட்டை. வேறொருவருக்கு இடம் வைத்துக் கட்டினால் அது மனக்கோயில். கோட்டைக்கு மதில் பிறரை வெளியே நிறுத்துவதற்கு. கோயிலுக்கு வாயில் பிறரை உள்ளே அழைப்பதற்கு.

மனத்திலே கட்டிய கோட்டைதான் நில்லாது, கல்லாற் கட்டியது நிற்கும் என்று எவரும் வாதிட வேண்டாம். நமது புளியந்தீவிலே கல்லாற் கட்டிய கோட்டை இருக்கிறது. 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அதை எழுப்பினர். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். பின்னர் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கட்டியவர் எவருக்கும் அது நிலைக்கவில்லை. கல்லிலும் சுண்ணாம்பிலும் மாத்திரம் உறுதி இருப்பதில்லை.

முயற்கொம்பு என்று சொல்லிவிடுகின்றோமே, அச்சொல்லையும் சற்று அளந்து வழங்க வேண்டும். முயற்கொம்பும் ஆகாயத்தாமரையும் எக்காலத்தும் இல்லாத பொருளுக்குத் தருக்க நூலார் காட்டும் உதாரணங்கள். இனி வரக்கூடிய பொருளுக்கு அவை பெயராகா. நமது சித்தாந்தம் சற்காரியவாதத்தைக் கொள்வது. குடம் மண்ணிலேயே அடங்கியிருக்கிறது. இல்லாத பொருள் புதிதாகத் தோன்றாது என்பது அக்கொள்கை. ஆனால் மண் இருந்தாற் போதுமா? மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மூன்றும் கூடினாலன்றிக் குடம் வெளிப்படாது. கனாவும் அப்படியே. எண்ணம் மண். கல்வியும் கருவியும் துணையாரும் சக்கரம். விடியற்காலையில் எழுந்து உட்காரும் ஆள்தான் குயவன். மண்ணைப் பார்த்து இது குடமன்று என்று சொல்லுகிறவர் சொல்வதும் மெய். மண்ணைப் பார்த்து இது குடமாகாது என்று சொல்லுகிறவரோ சித்தாந்தத்தையே மறுக்கிறார்.

இதுவரை புராணமும் தத்துவமும் சொன்னோம். நம் மண்ணிலே, நம் வாவிக்கரையிலே இப்படி ஒருவர் வாழ்ந்தாரா என்று இளைஞர் கேட்பர். வாழ்ந்தார். 1892இல் காரைதீவிலே மயில்வாகனன் என்ற பெயரோடு பிறந்து, பின்னர் சுவாமி விபுலானந்தர் எனத் துறவுப்பெயர் பூண்டவரை நினைத்துப் பாருங்கள்.

யாழ் என்ற இசைக்கருவி தமிழர் கையிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகளாயின. பெயர் இருந்தது; பழைய நூல்களிலே குறிப்பு இருந்தது; கருவியோ இல்லை, அதை மீட்டும் விரலும் இல்லை. அதை மீண்டும் ஒலிக்கச் செய்யலாம் என்று ஒருவர் எண்ணினால் உலகம் அவருக்கு என்ன பெயர் வைக்கும்? ஆகாயத்தாமரை பறிக்கப் போகிறார் என்று சொல்லாதிருக்குமா? வாவியின் இசையிலே உள்ளம் தோய்ந்து, நீரரமகளிர் நள்ளிரவில் நீரிலிருந்து எழுந்து பாடுவதாகக் கவிதை செய்தவரும் அவரே. அக்கவிதையை மட்டும் படித்து நிறுத்தினால் அவரைக் கனாக் காண்பவர் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அவர் எங்கே தொடங்கினார் என்பதைப் பாருங்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றவர். விஞ்ஞானம் கற்று இலண்டன் பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலே தேறியவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையை எடுத்துவைத்து, யாழின் உறுப்பு எவை, நரம்பு எத்தனை, ஒரு நரம்புக்கும் மறு நரம்புக்கும் உள்ள அளவு என்ன என்று கணக்கிட்டார். பாலைத்திரிபு என்ற சிக்கலான பகுதியை விஞ்ஞானியின் பொறுமையோடு அவிழ்த்தார். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக யாழ்நூல் உருவாயிற்று. இவ்வேலை ஓர் ஆண்டிலோ ஈராண்டிலோ முடியவில்லை, பல்லாண்டுகள் சென்றன. நீரரமகளிர் பாட்டும் நரம்பின் கணக்கும் ஒரே நூலுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. கனாவும் கணக்கும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவிலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. நூலிலே சொன்ன கணக்கின்படி செய்த யாழ்கள் அங்கே மீட்டப்பட்டன. அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் நாள், சுவாமிகள் இவ்வுலகை நீத்தார். பலனை அனுபவிப்பதற்கு அவருக்குக் கிடைத்த காலம் ஆறேழு வாரங்கள் மட்டுமே. பலனுக்காகக் கனாக் கண்டவராயின் அது பெரிய நட்டம். வேலைக்காகக் கனாக் கண்டவருக்கு அது நட்டமன்று.

கல்வியிலும் அவர் வழி இதுவே. 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கவேண்டும் என்பது எண்ணம். அவ்வெண்ணத்தினுள்ளே நிலம், கட்டடம், அரிசி, ஆசிரியர் சம்பளம் எல்லாம் அடங்கியிருந்தன. தமிழிலே விஞ்ஞானம் கற்பிக்கலாம் என்று 1930களிலே நம்பியவர்களுள் அவரும் ஒருவர். அந்நம்பிக்கையை மேடையிலே முழங்கிவிட்டு அவர் போகவில்லை. சென்னையிலே அறிஞரோடு கூடியிருந்து இரசாயனம் முதலிய துறைகளுக்குக் கலைச்சொற்களை ஒவ்வொன்றாக ஆக்கும் பணியிலே ஈடுபட்டார். பெரிய எண்ணம்; சிறிய சிறிய சொற்கள். இதுதான் மனக்கோயில் கட்டும் முறை. அவர் சமாதி இன்று கல்லடியிலே, அவர் தொடங்கிய பள்ளி வளவிலேயே இருக்கிறது. அவ்வழியே போகும் இளைஞர் ஒருகணம் நின்று போகட்டும்.

இனிப் பெரியோரிடம் ஒரு வேண்டுகோள். இகழ்ச்சிச் சொற்கள் உங்கள் வாயில் வருவது வெறுப்பினால் அன்று. அது எங்களுக்குத் தெரியும். அச்சத்தினால் வருகிறது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு சூறாவளி வந்து, தலைமுறையாக வளர்த்த தென்னந்தோட்டங்களை ஓரிரவிற் சாய்த்ததை நீங்கள் கண்டீர்கள். 1983 முதல் 2009 வரை நடந்த போரிலே இலட்சியம் என்ற சொல்லின் பெயரால் போன பிள்ளைகளும் திரும்பவில்லை; ஒன்றும் சொல்லாது வயலுக்கும் வாவிக்கும் போன பிள்ளைகளும் திரும்பவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையிலே கடல் நாவலடியையும் கல்லடியையும் காரைதீவையும் தேடி வந்ததைக் கண்டீர்கள். இத்தனையும் கண்டவர், பிள்ளை பெரிதாக எதையேனும் எண்ணினால் நடுங்குவது இயல்பே. பெரிதாக ஆசைப்படாதே, இருப்பது போதும் என்று அன்பினாலேயே சொல்கிறீர்கள்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சூறாவளிக்குப் பின் தென்னம்பிள்ளை நட்டவர் நீங்களே. ஐந்தாறு ஆண்டு சென்று காய்க்கும் மரத்தை, அடுத்த காற்று எப்போது வருமென்று அறியாது, நட்டீர்கள். அதை எவரும் மனக்கோட்டை என்று சொல்லவில்லை. குழி வெட்டினீர்கள், உப்பும் எருவும் போட்டீர்கள், நீர் வார்த்தீர்கள். அந்தக் கனாவுக்குள்ளே மண்வெட்டி இருந்தது. உங்கள் பிள்ளையின் கனாவுக்குள்ளும் மண்வெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது அங்கே இல்லையெனில் எடுத்துக் கொடுங்கள். கனாவைப் பிடுங்க வேண்டாம்.

இளைஞருக்கும் சொல்ல வேண்டியதுண்டு. இலட்சியவாதி என்ற பெயரை நமக்கு நாமே சூட்டிக்கொள்வது எளிது. மேடையிலே பேசினோம், கைதட்டு வாங்கினோம், இரவெல்லாம் நண்பரோடு கடற்கரையிலே உலகத்தைத் திருத்தினோம். விடிந்ததும் பாயைச் சுருட்ட ஆளில்லை. இதற்குப் பெயர் இலட்சியமன்று, இதுவும் மாப்பானையே. உள்ளே இருக்கும் மாவின் நிறந்தான் வேறு. ஊர் திருந்தவேண்டும் என்கிறவர் சங்கக் கூட்டத்துக்கு நேரத்துக்கு வருகிறாரா? தமிழ் வளரவேண்டும் என்கிறவர் இவ்வாண்டு எத்தனை நூல் படித்தார்? ஏழைப் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்கிறவர் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தாரா? இவற்றுக்கு விடை சொல்ல முடியுமானால் எவர் எப்பெயரிட்டு அழைத்தாலும் கவலையில்லை.

கனாவிலே பிறர்க்கும் இடம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாடு போய்ப் பெரிய வீடு கட்டவேண்டும் என்று எண்ணுவது குற்றமன்று. குடும்பத்தின் சுமையைத் தாங்கப் போகிறவரை நாம் இகழமாட்டோம். ஆனால் அந்த வீட்டின் எண்ணத்திலே தாய்க்கு ஓர் அறை உண்டா, தங்கையின் படிப்புக்கு ஒரு பங்கு உண்டா, ஊர்ப் பள்ளிக்கு ஒரு பலகை உண்டா என்று கேட்டுக்கொள்ளட்டும். உண்டெனில் கோட்டையின் ஒரு பக்கம் கோயிலாகத் தொடங்கிவிட்டது.

ஆகவே இன்று முதல் நம் வீடுகளிலே ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கலாம் என்பது நமது வேண்டுதல். பிள்ளையொருவர் வந்து, "எங்கட ஊரிலே ஒரு வாசிகசாலை வரவேணும்" என்று சொன்னால், "கனாக் காணாதே" என்று சொல்லவும் வேண்டாம், "ஆகா, இலட்சியவாதி!" என்று மாலை சூட்டவும் வேண்டாம். "முதல் என்ன, மனே?" என்று கேளுங்கள். பெண்பிள்ளையானால், "முதல் என்ன, புள்ளே?" என்று கேளுங்கள். இடம் பார்க்கவேணும், ஓர் அலுமாரி வேணும், பத்துப் புத்தகம் சேர்க்கவேணும் என்று விடை வருமானால் அங்கே ஒரு மனக்கோயிலுக்கு அடித்தளம் விழுந்துவிட்டது. நீங்கள் பதினோராவது புத்தகத்தைக் கொடுங்கள். விடை வராது பிள்ளை தலையைச் சொறிந்தால், கூட இருந்து யோசியுங்கள். அதற்கும் ஒரு மாலைப்பொழுது போதும்.

எழுவான்கரையில் இருந்து பார்க்கிறவருக்குப் படுவான்கரை ஒரு பச்சைக் கோடாகத் தோன்றும். அங்கே வயலுண்டு, ஊருண்டு, உறவுண்டு. இங்கிருந்தே அதை எண்ணி மகிழலாம். மகிழ்ந்தவர் எவரும் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை. அங்கே ஒன்றுமில்லை என்று இங்கிருந்தே சொல்லவும் சொல்லலாம். அப்படிச் சொன்னவரும் போய்ச் சேர்ந்ததில்லை. தோணியை நீரிலே தள்ளியவர்தாம் சேர்ந்தனர். இளைஞர் தோணியைத் தள்ளட்டும். பெரியோர் துடுப்பை எடுத்துக் கொடுக்கட்டும். பெயர் வைப்பதைக் கரை சேர்ந்தபின் பார்த்துக்கொள்வோம்.